நாட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐபிவி6 எதற்கு?

கேட்டவர் ஒரு சிறு நகரத்தில் பிராட்பேண்ட் சேவை நடத்துகிறார். நாலாயிரம் ஃபைபர் இணைப்புகள், கையில் 256 ஐபிவி4 முகவரிகள், அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் பழைய வகை எண்கள். வாடிக்கையாளர் எல்லாரும் சிஜிநாட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறார்கள், அதாவது ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் நாட் என்ற ஏற்பாட்டில்; சேவை ஓடுகிறது. முகவரிகள் மிக அதிகமுள்ள புதிய வகையான ஐபிவி6 வேண்டும் என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. பிறகு எதற்காக அதில் பணத்தையும் ஆட்களின் நேரத்தையும் போட வேண்டும் என்பது அவர் கேள்வி.

வாடிக்கையாளர் ஒருநாளும் அப்படிக் கேட்கமாட்டார். அந்தப் பெயரே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கடையில் மாட்டிய கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை என்பார். பையன் விளையாடும் கேமில் நண்பர்களோடு சேர முடியவில்லை என்பார். எந்தத் தளத்தைத் திறந்தாலும் போக்குவரத்து விளக்குப் படங்களைத் தொட்டுக்காட்டச் சொல்கிறது என்பார். அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் அறுந்து அறுந்து போகிறது என்பார். மாறாத தனி முகவரியான ஸ்டாடிக் ஐபி கிடைக்குமா, மாதம் எவ்வளவு என்று விசாரிப்பார். இவை உங்கள் புகார்ப் பதிவில் தனித்தனி வரிகளாகக் கிடக்கும். இவற்றில் கணிசமானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: பல குடும்பங்கள் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தப் பங்கு போடல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். 429 கோடிச் சேர்க்கைகள். ஒதுக்கீடுகளைக் கழித்தால் பொதுப் பயன்பாட்டுக்கு 370 கோடி அளவில் மிஞ்சும். 1977-ல் இந்த 32 பிட்டைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், அது ஒரு சோதனைக்கான அளவு என்றுதான் அப்போது நினைத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1981-ல் வரையறை வெளியாயிற்று. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் முழுதும் அதற்கு மாறியது. சோதனை அப்படியே உலகமாகிவிட்டது.

தொடக்க ஆண்டுகளில் முகவரிகளை வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 18 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையும், அதாவது 1.67 கோடி. ஆப்பிளுக்கு 17, ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19. இன்று 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கென்று பதிவாகியிருப்பவை ஏறக்குறைய நாலு கோடி ஐபிவி4 முகவரிகள்; அமெரிக்காவிடம் சுமார் 160 கோடி. பந்திக்கு முந்தியவர்களுக்கு இலை நிறைய, பிந்தி வந்தவர்களுக்குக் கரண்டி நுனியில் கொஞ்சம். நாம் பிந்தி வந்தவர்கள். உங்கள் நாலாயிரம் வீட்டுக்கு 256 முகவரி என்ற கணக்கு உங்கள் திட்டமிடலின் குறை இல்லை. அந்தப் பங்கீட்டின் கடைசிக் கண்ணி அது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரிய பிளாக்குகள் (முகவரித் தொகுதிகள்), முகவரி வழங்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15-ல் நம் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசி பிளாக்கைத் தொட்டது. உலகிலேயே முதலில் வறண்டது நம் வட்டாரம். ஐரோப்பாவுக்கு 2012, தென் அமெரிக்காவுக்கு 2014, வட அமெரிக்காவுக்கு 2015. அதன்பின் புதிதாக வரும் உறுப்பினருக்கு ஏப்னிக் கொடுக்கும் உச்ச அளவு 512 முகவரிகளாகச் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் சந்தைதான்.

சந்தை எப்படிப்பட்டது? 2011-ல், திவாலான கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனம் நார்டெல் சொத்துகளை விற்றபோது அதன் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்கு 11.25 டாலர். பத்தாண்டு கழித்து அதே ஒன்று 50 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கியது. எம்ஐடி 2017-ல் தன்னிடம் சும்மா கிடந்த முகவரிகளில் 80 லட்சம் அளவுக்கு விற்றது. பெரும்பகுதி அமேசானுக்குப் போயிற்று. அந்த அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் தன் கிளவுடில் பயன்படுத்தும் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் முகவரி ஒன்றுக்கு 43.8 டாலர். சந்தையில் முகவரி 30 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் இன்னொரு 256 வாங்க 7,680 டாலர் ஆகும். ஆறு லட்ச ரூபாய்க்கு மேல். அதைக் கொடுத்து வாங்குவது வேகமும் இல்லை, புதிய சேவையும் இல்லை. வெறும் எண்கள்.

இனி நாட் பற்றி. உங்கள் வாதத்தின் மையம் அதுதான் என்பதால் இதில் சற்று நின்று பேச வேண்டும்.

நாட் 1994-ல் எழுதப்பட்டபோதே ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் எழுதப்பட்டது. ஒரு வீட்டுக்குள் பத்து கருவிகள், வெளியே ஒரு முகவரி என்ற அளவில் அது நன்றாக உழைத்தது. இணையத்தை இருபது ஆண்டு தாங்கிப்பிடித்தது என்றே சொல்லலாம். சிஜிநாட் அதன் மேல் ஏறிய இரண்டாவது அடுக்கு. வீட்டு ரூட்டர் ஒருமுறை முகவரியை மாற்றி எழுதிய பாக்கெட்டை (தரவுப் பொட்டலத்தை) உங்கள் பெட்டி மறுபடி மாற்றி எழுதுகிறது. இதற்கென்றே 2012-ல் 100.64-ல் தொடங்கும் ஒரு பிளாக்கைத் தனியாக ஒதுக்கினார்கள். வாடிக்கையாளரின் ரூட்டரில் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அவர் அந்த இரண்டாம் அடுக்குக்குள் இருக்கிறார்.

ஒரு முகவரியில் 65,536 போர்ட், அதாவது ஒரே நேரத்து இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள். முதல் 1,024-ஐ விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்கு 2,000 என்று பிரித்தால் 32 பேர். உங்கள் எண்ணிக்கைக்கு அது இன்று போதும், இதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு டிவி, நாலைந்து கைபேசி, ஒரு லேப்டாப், இரண்டு கேமரா என்று ஆனபின், எல்லாம் ஒரே மாலை நேரத்தில் ஓடும்போது 2,000 சில வீடுகளுக்குப் போதாமல் போகும். போர்ட் தீர்ந்தால் இணைப்பு முழுதும் அறுவதில்லை. பாதிப் பக்கம் திறக்கும், படம் வராது. ஒரு ஆப் ஓடும், இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆள் வீட்டுக்குப் போய் வேகம் சோதித்தால் முழு வேகமும் காட்டும். புகாரிலேயே மோசமான வகை இதுதான், ஏனென்றால் இருவர் சொல்வதும் உண்மை.

பகிர்வதில் இன்னொரு கேடு, அடுத்தவர் செய்கைக்குப் பொறுப்பாவது. 32 குடும்பத்தில் ஒருவர் கைபேசியில் கிருமி புகுந்து ஏதோ ஒரு தளத்தைத் தாக்கினால், அந்தத் தளம் அந்த முகவரியைத் தடுக்கும். மீதி 31 குடும்பமும் சேர்ந்து வெளியே நிற்கும். 2006 முடிந்து 2007 பிறந்த சமயத்தில் இது ஒரு நாட்டுக்கே நடந்தது. கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுதும் ஒரே ஒரு முகவரியின் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ செய்த விஷமத்துக்காக விக்கிப்பீடியா நிர்வாகி ஒருவர் அந்த முகவரியைத் தடுக்க, கணக்கு இல்லாமல் எழுதிய கத்தார்வாசிகள் அனைவருக்கும் சற்று நேரம் கதவு அடைபட்டது. அவருக்கு அது ஒரு நாடு என்று தெரிந்திருக்கவில்லை. உங்கள் முகவரி ஒன்று 32 வீடு என்பதும் எந்தத் தளத்துக்கும் தெரியாது.

தாக்குதல் எதிர்த்திசையில் வந்தாலும் இதே கதைதான். கேமில் தோற்ற கோபத்தில் எவனோ உங்கள் ஒரு வாடிக்கையாளரின் முகவரியை நோக்கிப் பாக்கெட் வெள்ளத்தைத் திருப்பினால், உங்களுக்கு இணையம் தரும் அப்ஸ்ட்ரீம் நிறுவனம் அந்த முகவரியையே கருந்துளைக்கு அனுப்பச் சொல்லும், அதாவது அதற்கு வரும் எல்லாவற்றையும் தூக்கியெறியச் சொல்லும். 32 வீடும் இருளும்.

காவல்துறை கேட்கும்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஐபி முகவரியும் நேரமும் மட்டும் கொடுத்து யார் என்று கேட்பார்கள். போர்ட் எண் இருக்காது. 32 பெயர்களில் எதைக் கொடுப்பது? ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இதையே சொல்லி, குற்றவாளியோடு முகவரி பகிரும் நிலைக்கு முடிவு வேண்டும், சிஜிநாட்டை விட்டொழியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தி, பதிவுகளை வைத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு ஆண்டாக்கிவிட்டது. யாருக்கு எந்த நொடியில் எந்த முகவரியில் எந்தப் போர்ட் என்ற நாட் பதிவை நாலாயிரம் இணைப்புக்கு இரண்டு ஆண்டு சேமிக்க எத்தனை டெராபைட் ஆகிறது என்று உங்கள் சேமிப்பகத்தைத் திறந்து பாருங்கள். ஐபிவி6-ல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ப்ரீஃபிக்ஸ், அதாவது அந்த வீட்டின் முகவரிகளுக்கெல்லாம் பொதுவான முன்பகுதி. ஒருமுறை கொடுத்தால் அது மாறாமல் இருக்கலாம். அந்தப் போக்குவரத்துக்கு நாட் மாற்றம் என்ற ஒன்றே நடக்காது, ஆகவே அந்த மாற்றத்துக்கான பதிவும் கிடையாது. எந்த வீடு என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருக்கும்.

என் கருத்தில் உங்களுக்கு மிக வலுவான காரணம் வேறொன்று. கூகுளும் யூட்யூபும், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸப்பும், நெட்ஃபிளிக்ஸும் பல ஆண்டுகளாக ஐபிவி6-ல் இருக்கின்றன. 2012 ஜூன் 6 அன்று உலக அளவில் பல பெரிய தளங்கள் ஒன்றாக அதை நிரந்தரமாகத் திறந்துவிட்டன, மூடவே இல்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாலை நேரப் போக்குவரத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது? யூட்யூபுக்கும் ரீல்ஸுக்கும்தான். அதாவது உங்கள் சிஜிநாட் பெட்டி மூச்சுத்திணறிச் சுமக்கும் பாரத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் நுழையவே தேவையில்லாதது. ஐபிவி6-ஐத் திறந்த அன்றே அது பெட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே போய்விடும். மீதி மட்டும் நாட் வழியே போகும். அடுத்த ஆண்டு பெரிய பெட்டி வாங்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்த பணம் அப்படியே இருக்கும். பழையதை முழுதும் தூக்கிப்போட்டால்தான் பலன் என்று பலர் எண்ணுகிறார்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் சேர்த்து ஓட்டும் டூயல் ஸ்டாக்கில் முதல் நாளே பலன் தொடங்கிவிடுகிறது.

உங்கள் வாடிக்கையாளர்களின் கைபேசிகளுக்கு இது புதிதும் இல்லை. ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கும்போதே ஐபிவி6-ஓடு தொடங்கியது. புதிதாகக் கட்டியவர்களுக்குக் கோடிக்கணக்கான சிம்களுக்குப் போதிய ஐபிவி4 கிடைக்க வழியே இல்லை, ஆகவே வேறு தேர்வும் இல்லை. அதுவரை ஒற்றை இலக்கச் சதவீதத்தில் கிடந்த இந்தியா சில ஆண்டுகளில் உலகின் முதல் வரிசைக்கு வந்தது. இன்று கூகுளைத் தொடும் இந்தியப் பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஐபிவி6 வழியே வருகிறார்கள். உலகச் சராசரி பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. உங்கள் வாடிக்கையாளரின் கைபேசியில் மொபைல் டேட்டாவை வைத்து முகவரியைப் பாருங்கள்: ஜியோ என்றால் 2409 என்றும், ஏர்டெல் என்றால் பெரும்பாலும் 2401:4900 என்றும் தொடங்கும். அந்தக் கைபேசியே உங்கள் வைஃபைக்குள் வந்ததும் பழைய முகவரிக்கு இறங்குகிறது. காசு கொடுத்து வாங்கிய ஃபைபர், கையிலிருக்கும் சிம்மைவிட இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கி நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில நியாயமானவை.

ஐபிவி4-லேயே பயன்படாமல் கிடக்கும் இடத்தைத் திறக்கலாமே என்பது ஒன்று. 240-ல் தொடங்கி மேலே 26.8 கோடி முகவரிகள் எதிர்காலத்துக்கு என்று பூட்டியே கிடக்கின்றன, உண்மை. ஆனால் நாற்பது ஆண்டாக வந்த ரூட்டர்களும் இயங்குதளங்களும் அவற்றைச் செல்லாதவை என்று தூக்கியெறியும்படி எழுதப்பட்டவை. அத்தனையையும் திருத்த வேண்டும். அத்தனையையும் திருத்துவதென்றால் அந்த உழைப்பை ஐபிவி6-க்கே போடலாம், 26.8 கோடி முகவரியைத் தீர்க்க உலகுக்கு அதிக நாளாகாது.

பழையதோடு ஒத்துப்போகும்படி நாலு எண்களை ஆறாக நீட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாக்கெட்டின் முகப்பான ஹெடரில் அனுப்புநருக்கு 32 பிட், பெறுநருக்கு 32 பிட் என்று இடம் அளந்து வைத்திருக்கிறார்கள். அதில் 33-வது பிட்டுக்கு இடமில்லை. எப்படி நீட்டினாலும் பழைய கருவிக்கு அது புரியாது. எனவே எப்படியும் ஒரு புதிய பதிப்புதான். மாறத்தான் வேண்டும் என்று ஆனபின் ஒரே தாவலில் 128 பிட்டுக்குப் போனார்கள், அதுவே ஐபிவி6. 1995 டிசம்பரில் முதல் வரையறை, 1998-ல் திருத்தம், 2017 ஜூலையில் முழுத் தரம் என்ற தகுதி. ரூட்டர் பாக்கெட்டுக்குப் பாக்கெட் பிழை சரிபார்க்கும் செக்சம் கணக்கிடும் வேலையையும், நடுவழியில் பாக்கெட்டைத் துண்டாக்கும் வேலையையும் இந்தத் தாவலிலேயே நீக்கினார்கள். ஹெடர் நிலையாக 40 பைட்.

பாதுகாப்பு பற்றிய அச்சம்தான் அதிகம் கேட்கிறேன். நாட் இருப்பதால் வெளியாள் உள்ளே வர முடியாது, அது போனால் வீடு திறந்து கிடக்கும் என்பது வாதம். வெளியிலிருந்து யாரும் கேட்காமல் வரும் பாக்கெட்டை நாட் தடுப்பது, அதை எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாததால். அதே தடுப்பைத் தெரிந்தே செய்வது, எந்த இணைப்பு உள்ளிருந்து தொடங்கியது என்று நினைவில் வைக்கும் ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால். வீட்டு ரூட்டர் ஐபிவி6-ல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2011-லேயே வழிகாட்டு ஆவணம் வந்துவிட்டது: உள்ளிருந்து தொடங்கியதற்கு மட்டும் பதிலை உள்ளே விடு, மற்றதைத் தடு. நல்ல ரூட்டர்களில் இது தானாகவே இயங்கும். மலிவான சில பெட்டிகளில் அணைந்து கிடக்கும். அதைச் சோதிக்காமல் ஒரு வீட்டுக்கும் ஐபிவி6 கொடுக்காதீர்கள், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

வரிசையாக முகவரிகளைத் தட்டிப்பார்க்கும் ஸ்கேனிங் இங்கே எடுபடாது என்பது உண்மைதான். ஒரு வீட்டின் ஒரே ஒரு /64-ல் (முதல் 64 பிட் ஒன்றாயிருக்கும் தொகுதி; இந்த எண் சிறுத்தால் தொகுதி பெரிதாகும்) உள்ள முகவரிகளை நொடிக்குப் பத்து லட்சம் வீதம் தட்டினாலும் முடிக்க 5.8 லட்சம் ஆண்டாகும். ஆனாலும் அதை நம்பி ஃபயர்வாலை அணைக்கக் கூடாது. அதேபோல் ஐபிவி6 இயல்பிலேயே அதிகப் பாதுகாப்பானது என்று விற்பனையாளர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பாக்கெட்டை மறைகுறியாக்கும் ஐபிசெக் கட்டாயம் என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். 2011-ல் அந்தக் கட்டாயத்தையும் தளர்த்திவிட்டார்கள்.

முகவரி நீளம், மனப்பாடம் ஆகாது என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ் இருப்பதே அதற்குத்தான். 2001:4860:4860::8888 என்ற கூகுள் டிஎன்எஸ் முகவரியை இரண்டு வாரம் வேலை பார்த்தவர் பார்க்காமல் தட்டுவார்.

மாற்றம் கடினம் என்பது மட்டும் முழு உண்மை. தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் வழித்திட்டமும் 2013 மார்ச்சில் இரண்டாவதும் வெளியிட்டது. காலக்கெடுக்கள் தள்ளித் தள்ளிப் போயின. தள்ளிப்போனதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பெட்டி வாங்குவது எளிது. ஆள் பழகுவதுதான் தாமதம். இரவு பதினோரு மணிக்கு லிங்க் விழுந்தால் உங்கள் பொறியாளர் எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று யோசிக்கக் கூடாது. இப்போது தொடங்கினால் அந்தப் பழக்கம் நெருக்கடி இல்லாத நாட்களில் வரும். நாளை பெரிய கம்பெனி ஒன்று உங்கள் ஊரில் ஃபைபர் இறக்கி, டெண்டரில் ஐபிவி6 கட்டாயம் என்று வரும்போது தொடங்கினால் அவசரத்தில்தான் கற்க வேண்டும்.

இனி எப்படிச் செய்வது. இந்தியாவின் பதிவகமான ஐஆர்ஐஎன்என் வழியாகவோ ஏப்னிக் வழியாகவோ ஒரு /32 வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு /56 என்று கொடுத்தால் 1.67 கோடி வீட்டுக்கு வரும். எம்ஐடிக்கு அன்று கிடைத்த முகவரிகளின் எண்ணிக்கையே இது, உங்களுக்கோ ஒவ்வொன்றும் ஒரு முழு வீடு. கஞ்சத்தனமாக /64 மட்டும் கொடுக்காதீர்கள். ஐபிவி4 காலத்துப் பழக்கம் நம் கையைப் பிடித்து இழுக்கும், ஆனால் இங்கே சேமிக்க வேண்டிய பொருள் முகவரி அல்லவே அல்ல. ஒரே /64 கொடுத்தால் வீட்டுக்குள் விருந்தினர் வைஃபை, கேமராவுக்குத் தனி நெட்வொர்க் என்று பிரிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு முறை ரூட்டர் அணைந்து எழும்போதும் ப்ரீஃபிக்ஸை மாற்றவும் வேண்டாம். ஐரோப்பிய இணைய நிறுவனங்களின் ரைப் சமூகம் 2017-ல் வெளியிட்ட 690-ஆம் ஆவணம் இந்த இரண்டையுமே அழுத்திச் சொல்கிறது. நிலையான ப்ரீஃபிக்ஸ் கொடுத்தால், கேமராக் கடைக்காரர் அலைந்த பிரச்சினைக்கும் வழி பிறக்கும். அவர் கடை ரூட்டரில் ஒரு விபிஎன் வைத்து நேராக உள்ளே வரலாம்; இப்போது போலத் தன் கடைக் காட்சிகளைக் கேமராக் கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளரை உள்நுழைய வைக்க நீங்கள் பிபிபிஓஇ பயன்படுத்துபவராக இருந்தால் பாக்கெட்டின் உச்ச அளவு 1,492 பைட்டுக்கு இறங்கும். ஐபிவி6-ல் நடுவழியில் துண்டாக்கல் இல்லை என்று மேலே சொன்னேன். பாக்கெட் பெரிது, சிறிதாக்கி அனுப்பு என்ற செய்தி, பிழை அறிவிப்புகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6 வழியாக அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று அதை மொத்தமாகத் தடுக்கும் வழக்கம் நம் ஊர் நிர்வாகிகளிடம் உண்டு. ஐபிவி6-ல் அதைச் செய்தால் சில தளங்கள் திறக்கத் தொடங்கி நடுவில் உறையும், காரணமும் எளிதில் பிடிபடாது. அந்தச் செய்தியை எங்கேயும் தடுக்காதீர்கள், கூடவே டிசிபி பாக்கெட்டுகளின் உச்ச அளவையும் உங்கள் நெட்வொர்க்கின் விளிம்பில் குறைத்து வையுங்கள். வாடிக்கையாளர் தவறாகச் செருகிய ரூட்டர் பக்கத்து வீட்டுக்கு நானே வாசல் என்று அறிவிக்காதபடி, சுவிட்சுகளிலும், ஃபைபர்கள் வந்து சேரும் ஓஎல்டி பெட்டியிலும் ஆர்ஏ கார்ட் என்ற காவலை இயக்குங்கள்.

உங்கள் சொந்த மென்பொருளையும் பாருங்கள். பில்லிங் தரவுத்தளத்தில் ஐபி முகவரிக்கு 15 எழுத்து இடம் மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். ஐபிவி6-க்கு 39 வேண்டும். அடிக்கடி வருபவரைத் தடுக்கும் நிரல் ஒற்றை முகவரியை எண்ணும். ஐபிவி6-ல் /64-ஐ எண்ண வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கைபேசியும் தன் முகவரியின் பின்பாதியைத் தானே குலுக்கி மாற்றிக்கொண்டிருக்கும். அது வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்காக வைத்த ஏற்பாடு, கெடுக்க வேண்டாம்.

பிரவுசர்கள் இரண்டு வழியிலும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று முந்தியதை எடுத்துக்கொள்ளும். ஐபிவி6 உடைந்தாலும் கால் நொடி அளவு தாமதத்தில் ஐபிவி4-க்குப் போய்விடும். வாடிக்கையாளருக்கு நல்லது. உங்களுக்கோ, உடைந்ததே தெரியாமல் மாதக்கணக்கில் போகலாம். கண்காணிப்பில் ஐபிவி6-க்கென்று தனி பிங், தனி வரைபடம், தனி எச்சரிக்கை வையுங்கள்.

ஐபிவி4-ஐ முழுதும் விடும் நாள் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவின் டி மொபைல் 2013-லிருந்தே ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு ஐபிவி6 மட்டும் கொடுத்து, பழைய தளங்களுக்கு 464எக்ஸ்லாட் என்ற மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறது. அந்த வழி உங்களுக்கும் பிறகு திறந்திருக்கும். முதலில் டூயல் ஸ்டாக்.

ஊழியர்களின் வீடுகளும் ஒரு தெருவுமாகச் சேர்த்து ஐம்பது இணைப்பில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய வாரமே சிஜிநாட் பெட்டியின் மாலை நேர செஷன் (நடப்பு இணைப்பு) எண்ணிக்கையை அந்த ஐம்பது வீட்டுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். எவ்வளவு இறங்கியது என்பதை நாலாயிரத்துக்குப் பெருக்கினால், அடுத்த முறை பெட்டியின் லைசென்ஸைப் புதுப்பிக்க விற்பனையாளர் வரும்போது எத்தனை செஷனுக்குப் பணம் கட்டினால் போதும் என்று உங்கள் கையில் எண் இருக்கும்.